கால் பக்கக் கிழிசல்

ஜனவரி 9

தம்பிக்கு,

நீங்கள் சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிப்படியை அத்தனை வேகமாக இறங்கிப் போனவருக்கு எந்தக் குறையும் இருக்க முடியாது.

நான் காபி கொண்டு வருவதற்குள் கூடத்தில் ஆள் இல்லை. ஸ்ட்ரெச்சர் கவிழ்ந்து கிடந்தது. அதை மூடியிருந்த வெள்ளைத் துணி தரையில் கிடந்தது. நான் காபி போட உள்ளே போகும்போது, துணிக்கடைக்கு வந்தவர் மாதிரி ஸ்ட்ரெச்சரின் கித்தானை இரண்டு விரலால் கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிடிக்கவில்லை என்றால் கடைக்காரரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எங்கள் கான்வென்டில் விடைபெறாமல் அறையை விட்டுப் போகிறவளைத் திரும்பக் கூப்பிட்டு, மறுபடியும் ஒழுங்காகப் போகச் சொல்வார்கள். உங்களைக் கூப்பிட நான் ஜன்னலுக்குப் போனபோது வண்டி கிளம்பிவிட்டது.

போனில் கேட்கலாம். "காது கேக்கலை அண்ணி, அப்புறம் பேசறேன்" என்பீர்கள். எழுத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இது. உங்கள் அண்ணன் ஆயுள் முழுக்கச் சேர்த்த போர்க்கள வைத்திய சாமான்களை மருத்துவக் கல்லூரி வாங்கிக்கொண்டு ஒரு காட்சிக்கூடம் திறக்கிறது. எலும்பு அறுக்கும் ரம்பப் பெட்டி, ரத்தத்தை நிறுத்த இறுக்கும் பித்தளைத் திருகு, உடம்புக்குள் குண்டைத் துழாவும் கம்பிகள், தோளில் மாட்டும் மருந்துப் பை, இன்னும் என்னென்னவோ. கல்யாணமானதிலிருந்து என் படுக்கையறையில் நான் ரம்பங்களுக்கு நடுவில்தான் தூங்கினேன். அவை போகிற நாளில் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

மற்றவை எல்லாம் அவர் தேடி வாங்கியவை. என் கையெழுத்து போதும். ஸ்ட்ரெச்சர் மாமாவுடையது. போர்முனையில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக அவர் இருந்தபோது தூக்கியது. அதனால் அவருடைய இரண்டு பிள்ளைகள் சார்பிலும் கையெழுத்து வேண்டுமாம். அதைத்தான் கூடத்தின் நடுவில் வைக்கப் போகிறார்கள், மாமா பெயரும் உங்கள் அண்ணன் பெயரும் பொறித்த பலகையோடு. மார்ச்சில் திறப்பு.

காகிதம் இத்துடன். பேனாவால் கையெழுத்துப் போடவும். நீங்கள் பென்சிலில் எழுதுகிறவர் என்று எனக்குத் தெரியும்.

நாளைக்குக் கல்லூரி வண்டி வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போகிறது.

அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். காபி ஆறியதற்கு வருந்துகிறேன். காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கையெழுத்து இல்லாமல். பேனா கிடைக்காததால் இல்லை.

அது அப்பாவின் ஸ்ட்ரெச்சர் இல்லை.

எரிந்துபோன கிடங்குகளுக்குள் போய், சாமான் நிஜமாகவே எரிந்ததா, முதலாளி முன்கூட்டியே வெளியே கடத்திவிட்டாரா என்று பார்த்துச் சொல்வதுதான் இன்சூரன்ஸ் சர்வேயராக நான் செய்த வேலை. சாம்பலை விரலில் எடுத்துத் தேய்த்தாலே எரிந்தது பட்டுத்துணியா, பழைய செய்தித்தாளா என்று சொல்வேன். கித்தானைக் கசக்கிப் பார்த்தது அந்தப் பழக்கத்தில்தான்.

அப்பாவுடையதில் கால் பக்கம் ஒரு கிழிசல் உண்டு. உள்ளங்கை அகலம், ‘ட’ எழுத்து மாதிரி. அப்பா அதை வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் காட்டுவார். முகாமின் சமையல்காரனைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடும்போது குண்டுச் சில்லு ஒன்று அவன் இரண்டு கால்களுக்கும் நடுவில் பாய்ந்து கித்தானைக் கிழித்துக்கொண்டு தரையில் இறங்கியதாம். "ஒரு விரல் இந்தப் பக்கம் வந்திருந்தா அவனுக்கு வம்சமே கிடையாது. அப்புறம் அஞ்சு பிள்ளை பெத்தான்" என்பார். அஞ்சு என்கிற இடத்தில் எங்கள் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார்.

எங்களுக்கு அதுதான் கட்டில். கால் பக்கம் தலை வைத்துப் படுக்க யாரும் சம்மதிக்க மாட்டோம். இரண்டு பேருக்கும் அந்தக் கிழிசலுக்குள் காலை விட வேண்டும். அண்ணன் வலது கால், நான் இடது கால். தினமும் அடிதடி.

ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்க வந்தது அதைத்தான். மேலே பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். கித்தான் முழுசாக இருந்தது.

அண்ணனிடம் எந்தச் சாமானும் நிலைத்து நின்றதில்லை. திருகைக் கொடுத்துக் கத்தி, கத்தியைக் கொடுத்து விளக்கு. அப்பா போனதும், "நான் மூத்தவன், நான் வச்சுக்கறேன்" என்று ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு ஓடாத கைக்கடிகாரம் வந்தது. அப்படித் தூக்கிப் போனதையும் யாருக்கோ மாற்றிவிட்டு, கிழியாத ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்தியிருக்கிறார். யாரோ படுத்த கித்தானுக்கு மேலே அப்பாவின் பெயரைப் பொறிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கொழுந்தன்


ஜனவரி 22

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதிதான் புரிந்தது. இரண்டாம் முறை முழுக்கப் புரிந்து இன்னும் கோபம் வந்தது.

இறந்துபோன அண்ணனை ஏமாற்றுக்காரர் என்று எழுதும்போது கை கொஞ்சமாவது நடுங்கியிருக்க வேண்டும். உங்கள் எழுத்து ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது.

கிழிசல் அங்கேதான் இருக்கிறது. அதை நான் அடைத்துவிட்டேன்.

கோணி மூட்டையைத் தைக்கிற மாதிரி கற்பனை செய்துகொள்ளாதீர்கள். எங்கள் தையல் சிஸ்டர் நல்ல துணியில் கத்தரியால் ஒரு வெட்டு வெட்டிக் கையில் கொடுப்பார். அதே துணியின் ஓரத்திலிருந்து இழை உருவி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று அந்த இடத்தில் நெசவை மறுபடி நெய்ய வேண்டும். முடித்ததும் ஜன்னலில் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். நிழல் தெரிந்தால், "நீ எங்க கை வச்சேன்னு தெரியுதே" என்று சொல்லி அதே இடத்தில் மறுபடியும் வெட்டித் தருவார். அழுதுகொண்டே தைத்த பெண்கள் உண்டு. நான் அழுததில்லை.

ஸ்ட்ரெச்சருக்கும் அப்படித்தான் செய்தேன். கித்தானின் ஓரம் கழியைச் சுற்றி மடிந்து ஆணி அடித்திருக்கிறதே, அங்கே நாலைந்து ஆணிகளைக் கழற்றி, மடிப்புக்குள்ளிருந்து இழை உருவினேன். அந்தக் கித்தானின் நூல்தான் அந்தக் கிழிசலில் இருக்கிறது. உங்கள் விரலுக்குத் தெரியவில்லை என்றால் அது என் வேலைக்குக் கிடைத்த மார்க். அதை என் புருஷன் மேல் குற்றமாக எழுதாதீர்கள்.

ஏன் தைத்தேன் என்பது என் வீட்டு விஷயம். காகிதத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு முறை உங்கள் வீட்டில் ஒரு ரம்பத்தின் துருவைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அண்ணன் என் கையில் பட்டென்று அடித்தார். என் மனைவி எதிரில். எனக்கு அப்போது நரை விழுந்திருந்தது. "அழுக்கை எடுக்காதே, ஓட்டையை அடைக்காதே. இது ரெண்டும் தெரியாதவன் பழைய சாமானைத் தொடக் கூடாது" என்றார். அப்பேர்ப்பட்ட மனுஷன் அப்பாவின் கிழிசலில் உங்களை ஊசி குத்த விட்டாரா? எந்தச் சர்வேயரிடம் சொன்னாலும் சிரிப்பான்.

ஒன்று மட்டும் நடந்திருக்கலாம். நீங்கள் தைத்தது நிஜம். ஆனால் தைத்தபின் அந்த ஸ்ட்ரெச்சர் அவரைப் பொறுத்தவரை கெட்டுப்போன சாமான். கெட்டதை யார் தலையிலாவது கட்டிவிட்டு வேறு ஒன்றை வாங்கியிருப்பார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். கடைசி வருஷத்தில் படுக்கையில் இருந்தபடியே போனில் மாற்று வியாபாரம் செய்தார் என்று நீங்களே துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னீர்கள். அந்த ரம்பப் பெட்டி அப்போது வந்ததுதானே? எதைக் கொடுத்து வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரிந்தால் எழுதுங்கள்.

கொழுந்தன்


பிப்ரவரி 8

தம்பிக்கு,

தெரியவில்லை. அதனால் போய்க் கேட்டேன். இந்த வயதில், என் புருஷன் என்ன கொடுத்தார் என்று பழைய சாமான் கடை வாசலில் நின்று விசாரிக்க வைத்தீர்கள். அந்த வியாபாரி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காரவில்லை. "ரம்பப் பெட்டிக்கு என்ன குடுத்தாரு?" என்று கேட்டேன். அவர் கடையின் பக்கவாட்டைக் கை காட்டினார். உங்கள் அண்ணனின் ஸ்கூட்டர் நின்றது. காய்கறிக்காரன் தள்ளுவண்டியில் மோதி நசுங்கின இடம் அப்படியே இருந்தது.

ஸ்கூட்டரை மெக்கானிக்குக் கொடுத்துவிட்டதாக என்னிடம் சொல்லியிருந்தார். இனிமேல் ஓட்ட மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். வியாபாரியிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் மேல் மறுபடியும் கோபப்பட்டேன், வேறு யார் மேலும் கோபப்பட முடியாததால்.

அங்கிருந்து கல்லூரிக்கும் போனேன், கிழிசலை உங்களுக்குக் காட்ட முடியுமா என்று பார்க்க. காட்சிக்கூடத்தின் காப்பாளர் ஒரு சின்ன வயதுப் பெண் டாக்டர். வெள்ளைக் கையுறை. நான் கித்தான் பக்கம் கை நீட்டியதும், "தொடாதீங்க அம்மா, கையில எண்ணெய் இருக்கும்" என்றாள். அதை வருஷக்கணக்காக வெயிலில் வைத்துப் பூச்சி தட்டினவள் நான். என் கையில் எண்ணெயாம். கடைசியில் ஒரு பூதக் கண்ணாடியைக் கொடுத்தாள். குனிந்து கால் பக்கம் முழுக்கப் பார்த்தேன்.

என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனாலும் எழுதிவிட்டேன். என் கையால் செய்தது என் கண்ணுக்கே தெரியவில்லை. கண்ணும் முன்பு போல் இல்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நீங்கள் சொல்கிறது சரியோ என்று தோன்றியது. அந்த நிமிஷத்துக்காக உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஓர ஆணிகளைக் கழற்றினால் இழை உருவின இடம் தெரியும் என்று சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். பொருள் யாருடையது என்பதில் தகராறு இருப்பதால் இரண்டு பேர் சம்மதமும் இல்லாமல் ஆணியைத் தொடக் கூடாதாம். கையெழுத்து வாங்க ஆணியைக் கழற்ற வேண்டும். ஆணியைக் கழற்ற உங்கள் கையெழுத்து வேண்டும். இதைவிட அழகாக யாரும் ஒரு முடிச்சுப் போட முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என் சமையலறைக் கத்தியாலேயே ஆணியை நெம்பிக் காட்டியிருப்பேன்.

இனி, உங்கள் அண்ணன் எப்படிச் சம்மதித்தார் என்ற கேள்வி. சொல்கிறேன்.

அவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நடக்க முடியாமல் போனதும் ஆம்புலன்ஸ்காரர்கள் சக்கர ஸ்ட்ரெச்சரைக் கொண்டு வந்தார்கள். எங்கள் மாடிப்படி வளைவில் அது திரும்பவில்லை. நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். அவர் வழுக்கி விழப் பார்த்தார். அடுத்த முறை அவரே மூலையைக் காட்டி, "அப்பாவோடதை எடு" என்றார். அதன் கைப்பிடிகளை உள்ளே தள்ளிவிடலாம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வளைவில் கச்சிதமாகத் திரும்பியது. காலை மடக்கிப் படுத்தால்தான் அவர் உயரத்துக்குச் சரிப்பட்டது. மடக்கினால் குதிகால் நேராக அந்தக் கிழிசலில் போய் மாட்டியது. படியில் சாயும்போது பாரமெல்லாம் கால் பக்கம் வரும். கித்தான் இன்னும் கிழியும். கால் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

ஒரு மாதம் பார்த்தேன். அப்புறம் அவரே சொன்னார். "கால் மாட்டுது. தைச்சிடு." கொஞ்சம் பொறுத்து, "யாருக்கும் தெரியாத மாதிரி தைச்சிடு" என்றார். உங்கள் கையில் அடித்தாரே, அந்த மனுஷன்தான் சொன்னார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தேன். தைத்து முடிக்கும்வரை அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

யாருக்கும் தெரியாத மாதிரி தைத்தேன். போதுமா?

ஆணியைக் கழற்ற மட்டும் ஒரு சம்மதக் கடிதம் அனுப்புங்கள்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

அண்ணனை அப்பாவின் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

யாரும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை என்று மூன்றாம் மனுஷர் மூலம் கேள்விப்பட்டேன். போன் செய்தேன். "தூங்கறார்" என்றீர்கள். மறுபடி செய்தேன். மறுபடியும் தூக்கம். அதற்கப்புறம் ஒரேயடியாக முடிந்துவிட்டது என்று போன் வந்தது. வந்தேன், நின்றேன், போனேன். கதவுக்குப் பின்னால் துணி போட்டு மூடி ஏதோ நின்றது. அது என்னவென்று அன்றைக்குக் கேட்கிற நிலையில் இல்லை.

ஒரு வரி எழுதியிருக்கலாமே அண்ணி. எழுத்துக்குக் காது தேவையில்லை என்று இப்போதுதான் உங்களுக்குத் தோன்றியதா? என் இடுப்பு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் நான் பிடித்திருப்பேன்.

நீங்கள் எழுதியதை நம்ப ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருக்கிற விஷயத்தை நம்பக் கூடாது என்பதுதான் என் வேலையில் முதல் பாடம். கிழிசலைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஆணி விஷயத்துக்குச் சம்மதக் கடிதம் இத்துடன். நீங்கள் அந்த ஸ்ட்ரெச்சரில் எதைக் கழற்றினாலும் எதை அவிழ்த்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று, பேனாவால், எழுதியிருக்கிறேன்.

யார் தூக்கினார்கள்?

கொழுந்தன்


பிப்ரவரி 24

தம்பிக்கு,

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறீர்கள். எழுத உட்கார்ந்தேன். அவர் பார்த்துவிட்டார். "அவனுக்கு எழுதாதே. வந்தா ஸ்ட்ரெச்சரைத்தான் பார்ப்பான், என்னைப் பார்க்க மாட்டான்" என்றார். காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து கூடத்தில் மாட்டியிருந்த அவர் படத்தின் பக்கம் திரும்பாமல் நேராக ஸ்ட்ரெச்சரிடம் போனபோது, அவர் எதையும் தப்பாகச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதக் கூடாது. நீங்கள் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

தலை பக்கம் இஸ்திரிக்காரரும் கீழ் வீட்டு வாத்தியாரும். கால் பக்கம் ஒரு கைப்பிடி வாட்ச்மேன். இன்னொன்று நான். இறங்கும்போது கால் பக்கம்தான் முன்னால் போகும், பாரமும் அங்கேதான். வாத்தியார் ஒவ்வொரு படிக்கும் "பார்த்து, பார்த்து" என்பார். உங்கள் அண்ணன், "பார்த்துண்டுதான்யா இருக்கேன், இறங்குங்க" என்பார். ஒரு தடவை வளைவில் நான் தவறப் போனேன். "சமையல்காரனைவிட நான் கனம், மெதுவா" என்றார். அன்றைக்கு நாலு பேரும் சிரித்து, அவரைப் படியிலேயே இறக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது.

இப்போது ஆணி. கல்லூரித் தச்சர் கழற்றினார். மடிப்பைத் திறந்ததும் இழை உருவின இடம் பல் விழுந்த மாதிரி தெரிந்தது. "பாரும்மா" என்றேன். காப்பாளர் பார்த்தாள். "இழை எடுத்திருக்கீங்க, சரி. அது எங்க போச்சுன்னு இது சொல்லாதே அம்மா" என்றாள். நீங்களும் அதையே சொல்லுவீர்கள் என்பதால் அவளோடு சண்டை போடவில்லை.

ஒரு பக்கம் ஆணி கழன்றதால் கித்தானை ஜன்னலுக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். தச்சர் ஒரு முனை, அவள் ஒரு முனை.

தெரிந்தது. பழைய இழையும் புது இழையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறின ஓரங்களில் மெல்லிய நிழல். ‘ட’ மாதிரியேதான். சிஸ்டர் பார்த்திருந்தால் கத்தரியைக் கேட்டிருப்பார்.

எல்லாம் முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவள் யோசித்துவிட்டு, "அப்போ இது பின்னால பழுது பார்த்த பொருள். நடுவுல வைக்க முடியாது, பக்கத்து அலமாரிக்குத்தான் போகும். குண்டுச் சில்லுக் கதையையும் பலகையில எழுத முடியாது, காட்ட ஒண்ணும் இல்லையே" என்றாள். கிழிசல் தெரியாததால் நீங்கள் அது போலி என்றீர்கள். தையல் தெரிந்ததால் அவள் அதை அலமாரிக்கு அனுப்புகிறாள். நான் தைத்தது சரியாக இருந்தாலும் குற்றம், சரியாக இல்லாவிட்டாலும் குற்றம்.

நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அவளுக்குக் காட்ட ஏதாவது வேண்டும். வியாழக்கிழமை போய்ப் பிரிக்கப் போகிறேன். அவள் முதலில் கூடாது என்றாள். நீங்கள் கையெழுத்துப் போடாததால் அது இன்னும் கல்லூரியின் பொருள் இல்லை என்பதை நான்தான் அவளுக்கு விளக்க வேண்டியிருந்தது. எதை அவிழ்த்தாலும் ஆட்சேபம் இல்லை என்ற உங்கள் கடிதத்தையும் காட்டினேன்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணி,

பிரிக்காதீர்கள்.

காலையில் கடிதம் வந்ததிலிருந்து போன் செய்துகொண்டிருக்கிறேன். மணி அடிக்கிறதா, எடுத்துவிட்டீர்களா என்றுகூட என் காதுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காதில் வைத்துக் கேட்டு, "யாரும் எடுக்கலை சார்" என்கிறார். இதைத் துரிதத் தபாலில் அனுப்புகிறேன்.

கையெழுத்துப் போட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது. நிழல் தெரிந்ததால் போடவில்லை. ‘இன்னொன்று நான்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேயே என் சர்வே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அலமாரியில் வைக்கட்டும். மூலையில் வைக்கட்டும். நான் பார்க்க வேண்டியதில்லை. கிழிசல் எனக்கு மனப்பாடம். அதை நீங்கள் எப்படி அடைத்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. தயவுசெய்து அதன் மேல் கத்தரியை வைக்காதீர்கள்.

அண்ணன் என்னைப் பற்றிச் சொன்னது சரிதான். படத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா, தெரியாது. எழுதிவிட்டேன்.

கொழுந்தன்


மார்ச் 4

தம்பிக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் வியாழக்கிழமை பிரித்துவிட்டேன்.

ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் அந்தக் காகிதத்தோடு ஸ்ட்ரெச்சர் கல்லூரிக்குச் சொந்தமாகியிருக்கும். அந்தப் பெண் என்னை ஊசியோடு உள்ளேயே விட்டிருக்க மாட்டாள். பிடிவாதம் பிடிக்க வேண்டிய நேரத்தில் விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுக்க வேண்டிய நேரத்தில் பிடிவாதம் பிடிப்பது உங்கள் குடும்பத்துக்கே உள்ள வியாதி. உங்கள் அண்ணனுக்கும் இருந்தது. அதற்கு டயாலிசிஸ் கிடையாது.

எனக்கும் கையுறை கொடுத்தார்கள். கையுறையோடு இழை பிரிக்க முடியாது என்று கழற்றி வைத்தேன். இந்த முறை எண்ணெயைப் பற்றி அவள் பேசவில்லை. ஒவ்வோர் இழையாக, ஊசி முனையால் தூக்கி. தைக்க ஆன நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. ஒரு மூலையில் என் தையல் அவசரமாக இருந்தது. அது ஏன் என்று ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் நான் தைக்கும்போது அவர் தண்ணீர் கேட்டார், எழுந்து போனேன். பிரிக்கும்போது அந்த மூலையை மட்டும் கடைசிவரை வைத்திருந்தேன். அப்புறம் அதையும் எடுத்துவிட்டேன்.

கிழிசல் திறந்தது. மாமா சொன்ன மாதிரியே, நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் சந்தோஷம். நடுவில் வைக்கிறார்கள். சமையல்காரன் கதையும் பலகையில் வருகிறது, ஐந்து பிள்ளைகளைத் தவிர. உங்கள் அண்ணன் கடைசி வருஷம் எதில் படியிறங்கினார் என்பது எந்தப் பலகையிலும் வரவில்லை. காட்ட ஒன்றும் இல்லையே.

பிரித்த இழைகள் இந்த உறையில் இருக்கின்றன. எனக்கு அவற்றை வைத்துக்கொள்ள இடம் இல்லை என்று எழுத நினைத்தேன். ரம்பங்கள் போன பிறகு வீடு முழுக்க இடம்தான். உங்களிடம் இருக்கட்டும். ஓடாத கைக்கடிகாரத்தோடு போட்டு வையுங்கள்.

படத்தைப் பார்க்க முடியவில்லை என்று எழுதியதை நம்புகிறேன். எனக்கும் சில நாள் முடிவதில்லை.

பதினைந்தாம் தேதி காலை திறப்பு. முந்தின நாளே வீட்டுக்கு வாருங்கள். காபி போடுவேன், குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரைக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை, கயிறு மட்டும்தான் கட்டியிருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் நான் காப்பாளரைப் பிடித்து வைத்து, பலகையில் இருக்கிற தப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். நிறைய இருக்கின்றன. நீங்கள் கயிற்றைத் தாண்டிப் போய் இடது காலை விட்டுப் பாருங்கள். அவள் பின்னாலிருந்து "தொடாதீங்க சார்" என்று சொல்வாள். அதைக் கேட்காமல் இருக்க உங்களைவிடத் தகுந்த காது யாருக்கு இருக்கிறது?

அண்ணி